புளி போட்டு விளக்கிய துப்பாக்கி

ஆயுதச் சட்டம், நாற்பத்தைந்தாம் பிரிவு, சி உட்பிரிவு. ஓர் ஆயுதம் வழக்கொழிந்த பாணியில் செய்யப்பட்டதாகவோ, பழம்பொருள் என்ற வகையில் மதிப்புடையதாகவோ, கெட்டுப்போனதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாது என்றால், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை யாராவது பொருத்திப் பார்த்திருந்தால் அருப்புக்கோட்டையில் ஒரு பழைய பாத்திரக் கடை இன்னும் கொஞ்ச காலம் திறந்திருக்கும். பொருந்துமா பொருந்தாதா என்பதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பதைத் தவிர, அந்த வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் படுக்கும், எந்தக் குறிப்பு அதை எழுப்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த அம்மாளுக்கு ஒரு வரி பதில் வாங்கித் தருவதற்குள் என் தலை நரைத்துவிட்டது.

அவரை ஊரில் பாத்திரக்காரம்மா என்பார்கள். பெயர் இருந்தது, இங்கே வேண்டாம். அரசாங்கக் காகிதங்களில் அது போதுமான அளவுக்கு ஏறிவிட்டது. வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். கணவர் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இவர் ஓரிடத்தில் உட்கார மாட்டார். காரியாபட்டி, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று பஸ்ஸில் ஏறி இறங்கி, வீடுகளின் பின்கட்டு வழியாகப் போய்ப் பழைய பித்தளை, வெண்கலம், மரச்சாமான் வாங்கி வருவார். என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் அவருடைய கடை. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவருக்கு நான் "ஆபீசுத் தம்பி".

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பிறகு விரல் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். பிறகு விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைப் படிப்பார். கல்யாணச் சீருக்குக் கொடுத்த பாத்திரம் என்றால் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பது அதில் இருக்குமே, அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்த பிறகுதான் விலைப்பேச்சு. "என்னன்னு தெரியாம வெலை சொல்லப்படாது தம்பி" என்பார். வேறு கடைகளில் வாங்கிய பாத்திரத்தின் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு விற்பார்கள். இவர் ராவ மாட்டார். "ஆளு போனாலும் பேரு இருக்கட்டும்யா. ஒங்களுக்கு என்ன, தண்ணி கசியவா போகுது?" என்று வாங்குகிறவர்களிடம் சண்டைக்குப் போவார்.

ஒரு முறை எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒருவன் குத்துவிளக்கு ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். பாதத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "இது யாருலே?" என்றார்.

"எங்க வீட்டு வெளக்குதான் அக்கா."

"வெளக்கு ஒங்க வீட்டுது. பேரு யாருது?"

"தங்கச்சி பேரு. அவ கட்டிக்கொடுத்துப் போயிட்டா."

"அப்ப அவளக் கூட்டிட்டு வா. வெளக்கு நல்ல வெளக்கு, நல்ல வெலை தாரேன். அவ கையில தாரேன்."

அவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான். வேறு கடையில் விற்றிருப்பான். இவருக்கு அதில் வருத்தம் இல்லை.

இந்தக் குணம் எல்லா இடத்திலும் இனிக்கவில்லை. பாலவனத்தத்தில் ஒரு கல்யாணம், நானும் போயிருந்தேன். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்ற பெண்ணின் கையிலிருந்து சொம்பை வாங்கி, பழக்க தோஷத்தில் கவிழ்த்துப் பார்த்தார். மிச்சப் பன்னீர் மாப்பிள்ளையின் பெரியப்பா மேல் கொட்டியது. நகத்தால் ஒரு சுண்டு. "வெள்ளி மாதிரிதான் இருக்கு" என்றார். "மாதிரி"யில் கொஞ்சம் அழுத்தம் விழுந்துவிட்டது. பெண் வீட்டார் வெள்ளிச்சொம்பு என்று சொல்லியிருந்தார்களாம். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அது புகைந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நான் என்ன தம்பி தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டார். தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி சில பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்துவிடுவாள்.

துப்பாக்கி கிடைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில், மாவட்டம் பிரிவதற்கு முன்பு. திருச்சுழிப் பக்கம் ஒரு பெரிய குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போனது. தானியம் கொட்டி வைக்கும் பத்தாயம் ஒன்றைப் பாத்திரக்காரம்மா வாங்கினார், வேங்கை மரம். டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து கடையில் இறக்கி, உள்ளே கிடந்த மட்கிய சாக்குகளை இழுத்தபோது, மெழுகுத்துணியில் சுற்றிய நீளமான ஒன்று வந்தது. பிரித்தால், இரட்டைக் குழல் துப்பாக்கி. அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு ஆள் அனுப்பினார். "பத்தாயத்தை வித்தாச்சு, உள்ள இருந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது" என்று வந்த ஆளையே கதவுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார் அவர்.

அன்று சாயங்காலம் கடையில் ஊரே கூடி யோசனை சொன்னது. அடுத்த கடை, சைக்கிள் கடை அண்ணாச்சியுடையது. அவர் பேச்சு சுருக்கமாக இருக்கும்.

"பேசாம கொண்டுபோய்க் கண்மாயில போட்டுட்டு வந்து சோலியைப் பாரு தாயி."

"பங்குனியில வத்துமே அண்ணாச்சி. அப்ப என்ன செய்ய?"

எங்கள் ஊர்ப்பக்கம் எதையும் தண்ணீரில் போட்டு மறைக்க முடியாது. ஐப்பசியில் விழுங்கியதையெல்லாம் கண்மாய் பங்குனியில் வெடித்த மண்ணில் பரப்பி வைத்துக் காட்டிவிடும். கிணற்றில் போடச் சொன்னார்கள், கிணறும் அப்படித்தான். கருவேலங்காட்டில் புதைக்கச் சொன்னார்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் வேரைத் தோண்டும்போது வந்துவிடும்.

உண்மையில் இந்த யோசனைகள் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மற்றவர்களுக்கு அது போலீஸ் விவகாரமாகத் தெரிந்தது. அவருக்கோ, வாழ்க்கையில் முதல் தடவையாக விலை சொல்லத் தெரியாத ஒரு பொருளாகத் தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார். இரும்பு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. விசைக்கு மேலே இருந்த பூட்டுத்தகட்டில் ஒரு கௌதாரி செதுக்கியிருந்தது. வெளியே காது மாதிரி இரண்டு சுத்தியல்; இடதுபக்கத்துச் சுத்தியல் நிமிர்த்தினால் நிற்காமல் விழுந்தது. கட்டை பிளந்து செப்புக்கம்பியால் கட்டியிருந்தது.

"துப்பாக்கிய எடுத்து ஆளுறவுகளுக்குத்தான அதோட வெலை தெரியும்? டேசன்ல குடுத்துக் கேப்போம். தம்பி, நீங்க கூட வாங்க" என்றார்.

போலீசுக்குப் பயந்து ஒப்படைத்தவர்கள் உண்டு. விலை கேட்பதற்காகக் காவல் நிலையத்துக்குத் துப்பாக்கி கொண்டுபோன ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆனால் ஒப்படைப்பது சட்டப்படி சரி. நான் மனு எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். துப்பாக்கி வாழையிலையில் கிடந்தது, புது வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளவென்று.

"என்னக்கா செஞ்சீக?"

"புளி போட்டு வெளக்கினேன். செங்கப்பொடியும் கொஞ்சம். ஒரே கறுப்பும் பழுப்புமா இருந்துச்சு தம்பி. அழுக்கோட கொண்டுபோய் மதிப்புக் கேட்டா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?"

அவருடைய தொழிலில் அதுதான் மரியாதை. பித்தளையானாலும் வெண்கலமானாலும், புளி போட்டு விளக்கிய பிறகுதான் அதன் உண்மையான நிறம் தெரியும். விளக்காமல் காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

எந்தக் காவல் நிலையம் என்பது முக்கியமில்லை. உள்ளே நுழைந்ததும் ஏட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஏம்மா, கீழ வையி! குழலை அங்கிட்டுத் திருப்பு! யாரு நீ?"

"பாத்திரக்கடைங்க ஏட்டையா. இது என்ன வெலை போகும்னு சொல்லணும்."

"என்னது?"

"எந்தக் கம்பெனி, எம்புட்டுப் பழசு, வெலை என்ன. மூணையும் சொன்னீகன்னா போதும். வேணும்னா நீங்களே வச்சிக்கோங்க."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் மனுவை நீட்டினேன். ரசீதில் "பழைய துப்பாக்கி ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். அக்கா போட மாட்டேன் என்றார். பழசு என்றால் எவ்வளவு பழசு, ஒன்று என்றால் எந்த ஒன்று என்று கேட்டு, கௌதாரியையும் செப்புக்கம்பியையும் விழுகிற சுத்தியலையும் ரசீதில் ஏற்ற வைத்த பிறகுதான் பேனாவைத் தொட்டார். அவருக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. ஆனால் துப்பாக்கி ஒப்படைப்புப் பதிவேட்டில் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் உண்டு: உரிமம் பெற்றவர். உரிமம் இல்லாத ஒருத்தி, தானாகவே வந்து, விலை கேட்டு ஒப்படைப்பாள் என்று அந்தப் பதிவேட்டை அச்சடித்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஏட்டு அக்காவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினார். இதைத் திருத்தக் கோரி நான் எழுதிய முதல் மனு அடுத்த வாரமே போனது. நடைமுறைப்படி அது முறையாகப் பெறப்பட்டது.

அடுத்த தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பட்டியல் அந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார்.

"பாத்திரக்காரம்மா, துப்பாக்கிய ஒப்படைக்கணும்."

"அது ஒங்க ரூம்லதான்யா இருக்கு!"

"எனக்கும் தெரியும். நான்தான் தொடச்சு வைக்கிறேன். ஆனா லிஸ்ட்ல பேரு இருக்கே. வந்து ஒப்படைச்சிட்டதா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருங்க."

தேர்தல் முடிந்ததும் இன்னொருவர் வந்தார். துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், உரிமத்தைக் காட்டினால் போதும் என்றார். சைக்கிள் கடையில் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சிக்குப் புரையேறியது. நாங்களும் சிரித்தோம். முதல் தேர்தலுக்குச் சிரித்தோம்.

பிறகு ஊர்ப்பக்கம் அடிக்கடி கலவரம் வரத் தொடங்கியது. ஒவ்வொரு கலவரத்துக்கும் துப்பாக்கிக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பெரிய வீட்டு மனிதர்கள் காரில் வந்து ஆய்வாளர் அறையில் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அக்கா வெளிப் பெஞ்சில் விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருப்பார். அதை பஸ்ஸிலிருந்து பார்த்த பெண்கள் அவரவர் ஊரில் போய்ச் சொன்னார்கள். அவருடைய பிழைப்பே பின்கட்டுக் கதவுகளில் இருந்தது. கஷ்டத்தை வெளியே காட்டாமல் ஒரு அண்டாவை விற்க நினைக்கும் பெண், அதை வாங்குகிறவளைத் தேடிப் போலீஸ் வருமென்றால் கதவைத் திறப்பாளா? காரியாபட்டியில் ஒரு வீட்டில், "துப்பாக்கிக்காரி வந்திருக்கா, எங்கம்மா இல்லைன்னு சொல்லு" என்று உள்ளிருந்து சொன்னது தெருவில் நின்ற அவருக்கே கேட்டதாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே பாதி தூரம் வந்திருக்கிறார்.

பெயர் பட்டியலிலிருந்து போக வேண்டுமென்றால் துப்பாக்கி சட்டத்துக்கு வெளியே போக வேண்டும். சி உட்பிரிவு. பழம்பொருள் மதிப்பு உண்டு, சுடாது, இந்த இரண்டையும் யாராவது எழுதித் தர வேண்டும். நான் மனு எழுதினேன். அதற்குள் மாவட்டம் மூன்றாகப் பிரிந்திருந்தது. துப்பாக்கி ஒரு மாவட்டத்துக்கும் கோப்பு இன்னொரு மாவட்டத்துக்கும் போயின. கோப்பு தன் துப்பாக்கியைத் தேடிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மூன்று ஆட்சியர்கள் மாறிவிட்டார்கள். உலோகச் சாமான் என்பதால் மதிப்பிடும்படி ஒரு பொறியாளருக்கு அனுப்பினார்கள். அவர் எடை போட்டு, பழைய இரும்பு என்ற கணக்கில், கட்டைக்குக் கழிவு போக ஒரு தொகை எழுதினார். அக்கா அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது அவரு தராசோட மதிப்பு தம்பி. துப்பாக்கியோட மதிப்பு இல்ல" என்றார்.

சுடுமா சுடாதா என்பது அடுத்த கேள்வி. சுட்டுப் பார்த்தால் தெரியும். குழல் வெடித்துவிடும் என்ற பயத்தில் யாரும் சுட்டுப் பார்க்கவில்லை. சுட்டுப் பார்க்காததால், சுடாது என்று யாரும் எழுதித் தரவும் இல்லை.

கடைசியாக மதுரையிலிருந்து பழம்பொருள் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். காவல் நிலைய மேசையில் துப்பாக்கியை வைத்து, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதைக் கவனமாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"அம்மா, இது இரும்புப் பட்டையை முறுக்கிச் சுற்றி அடித்த குழல். இதன் மேல் மர ரேகை மாதிரி அலை அலையாகப் பழுப்பு நிறம் இருந்திருக்க வேண்டும்."

"இருந்துச்சுங்க."

"எங்கே?"

"அழுக்குன்னு நெனச்சிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் விரலை வைத்தார். "இங்கே செய்தவர் பெயர் இருந்திருக்கும். ஊர்ப்பெயரும் சேர்த்து. தேய்ந்திருந்தாலும் தடம் இருந்திருக்கும்."

அக்கா முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கோடு கோடா என்னமோ இருந்துச்சுங்கய்யா. துருன்னு நெனச்சு அங்கதான் ரொம்ப அழுத்தித் தேச்சேன்."

விற்ற பாத்திரத்தில் கூட யாருடைய பெயரையும் ராவாதவர் அவர்.

அதிகாரி ஆறுதலாகத்தான் பேசினார். குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றினால் அடிப்பக்கம் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். செய்தபோது எந்த ஊரில் சுட்டுச் சோதித்தது, ஏறக்குறைய எந்தக் காலம் என்பதை அதிலிருந்து சொல்லிவிடலாம் என்றார். அக்காவுக்கு உயிர் வந்தது.

"அடிய இன்னும் யாருமே பாக்கலையா! இப்பவே கழட்டுங்கய்யா."

"எனக்கு அதிகாரம் இல்லையேம்மா."

அக்கா ஏட்டைப் பார்த்தார். அவர் பழைய ஏட்டு இல்லை. அவருக்குப் பின் வந்தவருக்கும் பின் வந்தவர். "எனக்கும் இல்ல தாயி. ஆயுதக்கிடங்கு ஆளுதான் கழட்டணும். மேல இருந்து உத்தரவு வரணும்."

உத்தரவுக்கு நான் எழுதினேன். குறிப்பிட்ட படிவத்தில் விண்ணப்பிக்கும்படி பணித்தார்கள். படிவத்தில் முதல் கட்டம், தயாரிப்பு விவரம். கழற்றினால்தான் விவரம் தெரியும். விவரம் தெரிந்தால்தான் கழற்றலாம். "தெரியவில்லை" என்று நிரப்பி அனுப்பினேன். விவரம் முழுமையாக இல்லை என்று திரும்பியது. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். அதுவும் திரும்பியது. நினைவூட்டு அனுப்பினேன், நினைவூட்டுக்கு நினைவூட்டு அனுப்பினேன். என் கையாலேயே பிறருக்கு இதே மாதிரி எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் எதிர்முனையில் இருப்பவர் தவறு செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. அதுதான் மிகவும் சங்கடமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

தொண்ணூறுகளில் கடையில் பாதிக்குமேல் காலியாகிவிட்டது. வாங்கினால்தானே விற்க? கணவர் தறியில் நெய்ததுதான் சாப்பாடு. அக்கா கடையை மட்டும் காலையில் திறந்து, உட்கார்ந்து, சாயங்காலம் பூட்டினார். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல வெண்கல உருளி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நான் அங்கே இருந்தேன். அக்கா வாங்கினார். கவிழ்த்துப் பார்க்கவில்லை. சுண்டவில்லை. மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "எனக்குத் தெரியலையேய்யா. வேற யார்ட்டயாச்சும் காட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, பாத்தாலே தெரியுதே, நல்ல உருளி" என்றேன்.

"எல்லாம் பாத்தாத் தெரியிற மாதிரிதான் தம்பி இருக்கு" என்றார்.

அதன் பிறகு என் மனைவி பாத்திரங்களை உள்ளே எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு தடவை வேண்டுமென்றே, தன் அம்மா வீட்டுச் செம்பை அவர் கண்ணில் படும்படி வைத்தாள். அவர் அதில் தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அக்கா பெயருக்கு நீளமான காகித உறை வந்தது. கடையில் வைத்துப் பிரித்தேன். அண்ணாச்சியும் கையில் பஞ்சர் பசையோடு வந்து நின்றார். பொருள்: இரட்டைக் குழல் துப்பாக்கி. பார்வை என்ற இடத்தில் என் மனுக்கள் வரிசையாக. ஒன்றைக்கூட விடவில்லை, அந்த மட்டில் மரியாதை. தயாரிப்பு: தெரியவில்லை. காலம்: தெரியவில்லை. மதிப்பு: இல்லை. மேற்படி ஆயுதம், உரிமை கோரப்படாத இதர ஆயுதங்களோடு சேர்த்து ஆழ்கடலில் போட்டு அழிக்கப்பட்டுவிட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. பட்டியலிலிருந்து பெயர் நீக்குவது தொடர்பாக உரிய அலுவலகத்துக்குத் தனியே விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

"கடல்லயா?" என்றார் அண்ணாச்சி. "அடப் பாவிகளா! தண்ணியில போடுன்னு அன்னைக்கே நான் சொன்னேன்ல?"

"நீங்க கண்மாயச் சொன்னீக அண்ணாச்சி" என்றார் அக்கா. "கடலு வத்தாதுல்ல."

தாளை என் கையிலிருந்து வாங்கி, திருப்பி, அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தது அப்போதுதான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்னன்னு தெரியலைன்னுதான எழுதியிருக்காக?"

"ஆமாக்கா."

"தெரியாம எப்படித் தம்பி மதிப்பு இல்லைன்னு எழுதினாக?"

விதிப்படி இதற்கும் ஒரு மேல்முறையீடு உண்டு. கால அவகாசம் பதில் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். அதற்காக உறையின் மூலையில் அந்த நாளைக் குறித்து வைத்தேன். கண்மாய் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த பங்குனி மாதம், கடைசி வியாழக்கிழமை.